காலியாகும் சிறார் சிறைகள், குறையாத நிற இடைவெளி: அமெரிக்காவில் மன்னிப்பு யாருக்குக் கிடைக்கிறது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மர்ஃப்ரீஸ்பரோ நகரில் 2016 ஏப்ரல் மாதம் 11 சிறுவர் சிறுமியரைக் காவல்துறை கைது செய்தது. அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பள்ளிக்குள்ளேயே அவளுக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. எதையும் திருடவும் இல்லை. சிறு பையன்கள் சிலர் தங்களுக்குள் கைகலந்த காட்சி ஒரு காணொலியில் பதிவாகியிருந்தது. அதை வேடிக்கை பார்த்தார்கள், தடுக்கவில்லை என்பதே இவர்கள் மீதான புகார். 'பிறர் செயலுக்குக் குற்றப் பொறுப்பு' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. டென்னசி சட்டத்தில் அப்படியொரு தனிக் குற்றமே கிடையாது என்பது பின்னர் தெரியவந்தது. கைதான குழந்தைகள் கறுப்பினத்தவர்கள்.

வழக்குகள் தள்ளுபடியாயின. ஆனால் அந்தச் சம்பவத்தைத் தொடர்ந்து புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் நாஷ்வில் பொது வானொலியும் நடத்திய புலனாய்வு, 2021இல் வேறொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. மர்ஃப்ரீஸ்பரோ அமைந்துள்ள ரூதர்ஃபோர்டு கவுன்டியில், 2014ஆம் ஆண்டு சிறார் நீதிமன்றத்திற்கு வந்த வழக்குகளில் 48 சதவீதத்தில் குழந்தைகள் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். மாநிலத்தின் சராசரி 5 சதவீதம். சட்டவிரோதமாக அடைக்கப்பட்ட சிறாருக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1.1 கோடி டாலர் வரை இழப்பீடு தர அந்த நிர்வாகம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதை ஓர் ஊரின் கோளாறு என்று ஒதுக்கிவிடலாம். நாடு தழுவிய புள்ளிவிவரங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கூட்டம் குறைந்தது, விகிதம் குறையவில்லை

கடந்த கால் நூற்றாண்டில் அமெரிக்கச் சிறார் நீதித்துறை கண்ட மாற்றம் உண்மையிலேயே பெரியது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,08,800 சிறார் தடுப்பு இல்லங்களிலும் சீர்திருத்த நிலையங்களிலும் அடைபட்டிருந்தனர். 2022இல் அந்த எண்ணிக்கை சுமார் 27,600. நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. 1996இல் ஏறத்தாழ 27 லட்சமாக இருந்த சிறார் கைதுகள் 2020இல் 4,24,300 ஆகச் சரிந்தன. பெருந்தொற்றுக் காலம் அந்தக் கடைசி ஆண்டின் சரிவைக் கூடுதலாக்கியது என்றாலும், இறங்குமுகம் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருந்தது.

இத்தனை குறைந்த பிறகு இன ஏற்றத்தாழ்வும் குறைந்திருக்க வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. வெள்ளையினச் சிறாரோடு ஒப்பிடும்போது கறுப்பினச் சிறார் அடைக்கப்படும் வாய்ப்பு 2001இல் நான்கு மடங்காக இருந்தது. 2015இல் ஐந்து மடங்கு. 2021இல் 4.7 மடங்கு. நாட்டின் இளையோரில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம்தான். அடைபட்டிருப்போரில் அவர்கள் ஐந்தில் இரண்டு பங்கு. அமெரிக்கப் பூர்வகுடிச் சிறாரின் நிலையும் இதைவிட அதிகம் மேம்பட்டதல்ல: அவர்களுக்கு இந்த வாய்ப்பு 3.7 மடங்கு.

இந்த இரண்டு போக்குகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் சிக்கலின் உருவம் புலப்படும். பழைய கேள்வி, யார் அதிகமாகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது. இன்றைய கேள்வி, யார் மன்னிக்கப்படுகிறார்கள் என்பது. அடைத்துவைப்பதைக் கைவிட்டு, எச்சரித்து அனுப்புவதும் ஆலோசனை வழங்குவதும் சமூகப் பணியில் ஈடுபடுத்துவதும் வழக்கமாகிவிட்டன. அந்தச் சலுகை எல்லா நிறத்தவருக்கும் ஒரே அளவில் சென்று சேரவில்லை. கறுப்பினச் சிறாரும் பயனடைந்திருக்கிறார்கள். ஆயினும் தொடக்கத்தில் இருந்த இடைவெளி அப்படியே நீடிக்கிறது.

நான்கு கதவுகளின் கணக்கு

ஒரு சிறுவன் தெருவிலிருந்து சிறைக்கு ஒரே தாவலில் போய்விடுவதில்லை. பள்ளி நிர்வாகம் காவல்துறையை அழைக்கலாமா என்று ஒருவர் முடிவெடுக்கிறார். கைது செய்யலாமா, பெற்றோரிடம் ஒப்படைக்கலாமா என்று இன்னொருவர். வழக்கு தொடரலாமா, திருப்பி அனுப்பலாமா என்று மற்றொருவர். விசாரணை வரை உள்ளே வைக்கலாமா, வீட்டுக்கு விடலாமா என்று வேறொருவர். ஒவ்வொரு கதவிலும் ஓர் அலுவலரின் விருப்புரிமை நிற்கிறது.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கதவிலும் கறுப்பினச் சிறுவன் உள்ளே தள்ளப்படும் வாய்ப்பு, வெள்ளையினச் சிறுவனைவிட ஒன்றரை மடங்கு மட்டுமே அதிகம் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் அது பெரும் அநீதியாகத் தோன்றாது. அந்த அலுவலரே அதை உணர்ந்திருக்க மாட்டார். நான்கு கதவுகளைக் கடந்ததும் அது ஐந்து மடங்காகப் பெருகிவிடுகிறது. இது விளக்கத்திற்கான கணக்குதான். எனினும் யாரும் வெளிப்படையாக இனவெறி காட்டாமலே நாட்டளவில் ஐந்து மடங்கு வேறுபாடு எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

உண்மைத் தரவுகளும் இதே திசையில்தான் நிற்கின்றன. அமெரிக்கக் கல்வித் துறையின் 2015-16 கணக்கெடுப்பின்படி, பள்ளி மாணவர்களில் 15 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், பள்ளி வழியாகக் காவல்துறையிடம் அனுப்பப்பட்டோர் அல்லது கைதானோரில் 31 சதவீதமாக இருந்தனர். அடுத்த கட்டத்தில், 2019ஆம் ஆண்டு வெள்ளையினச் சிறார் மீதான வழக்குகளில் 52 சதவீதம் முறையான வழக்காகாமல் திருப்பி அனுப்பப்பட்டன. கறுப்பினச் சிறாருக்கு அது 40 சதவீதம். இங்கே தவறவிடப்பட்ட வாய்ப்பு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. முதல் முறை திருப்பி அனுப்பப்படாதவனுக்கு ஒரு பதிவு ஏற்படுகிறது. இரண்டாம் முறை பிடிபடும்போது, 'ஏற்கெனவே வழக்கு உள்ளவன்' என்பதே அவனை உள்ளே வைப்பதற்கான நடுநிலையான காரணமாகிவிடுகிறது. காகிதத்தில் நிறம் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. குற்றங்களே வேறுபடுகின்றனவே, கைதுகள் ஏன் வேறுபடக் கூடாது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்துவது நேர்மையாகாது. கொலை, கொள்ளை போன்ற கடும் வன்முறைக் குற்றங்களில் இனவாரியான கைது விகிதங்கள் வேறுபடுவது உண்மை. வறுமையும், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்துவைத்த நீண்ட வரலாறும், துப்பாக்கிகள் எளிதில் கிடைப்பதும் அதன் பின்னணி. ஆனால் சிறார் நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. கைகலப்பு, சிறு திருட்டு, போதைப்பொருள், பொருள் சேதம், நன்னடத்தை நிபந்தனை மீறல் போன்றவையே அதிகம். போதைப்பொருள் பயன்பாடு குறித்து மாணவர்களிடமே பெயர் கேட்காமல் நடத்தப்படும் நாடளாவிய ஆய்வுகளில், வெள்ளையின மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. நடத்தை ஏறத்தாழ ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருக்கும் அந்தப் பகுதிக்குக் குற்ற விகிதத்தைக் காரணம் காட்ட முடியாது.

அறிக்கையில் எழுதப்படும் குழந்தை

இந்தக் கதவுகளிலேயே மிகவும் அமைதியானது நன்னடத்தை அலுவலரின் மேசை. நீதிபதி ஒரு சிறுவனைச் சில நிமிடங்களே பார்க்கிறார். அவன் யார், வீடு எப்படி, ஏன் செய்தான், மறுபடியும் செய்வானா என்பதை அலுவலரின் அறிக்கை வழியாகவே அறிகிறார்.

வாஷிங்டன் மாநிலத்தில் எழுதப்பட்ட அத்தகைய அறிக்கைகளை ஜார்ஜ் பிரிட்ஜஸ், சாரா ஸ்டீன் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். இத்துறையில் இன்றளவும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. வெள்ளையினச் சிறாரின் குற்றங்களுக்கு அலுவலர்கள் பெரும்பாலும் வெளிக்காரணங்களைச் சொன்னார்கள்: குடும்பச் சூழல், கெட்ட சகவாசம், போதைப் பழக்கம். கறுப்பினச் சிறாரின் குற்றங்களுக்கு அவர்களின் உள்ளியல்பையே காரணமாக்கினார்கள்: மனப்பான்மை சரியில்லை, வருத்தம் இல்லை, பொறுப்புணர்வு இல்லை. குற்றம் ஒரே வகையானதாக இருந்தாலும் எழுத்து வேறாக இருந்தது. சூழல் கெடுத்த பையனைத் திருத்தலாம்; இயல்பே கெட்டவனை அடைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது அந்த எழுத்திலிருந்து தானாகவே வந்துசேரும் முடிவு.

வயதைக் கணிப்பதிலும் இதே கோணல் உண்டு. பிலிப் அட்டிபா காஃப் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்டவர்கள், கடும் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களை உண்மையான வயதைவிடச் சராசரியாக நாலரை ஆண்டுகள் மூத்தவர்களாக மதிப்பிட்டனர். 13 வயதுச் சிறுவன் 17 வயது இளைஞனாகத் தெரிந்தால், 'குழந்தை செய்த பிழை' என்ற வாதத்திற்கு அங்கே இடமேது?

தந்தையாக வந்த நீதிமன்றம்

இவ்வளவு விருப்புரிமை தற்செயலாக வந்ததல்ல. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில் தொடங்கப்பட்டபோது, நீதிபதி அன்பான தந்தையைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதே கொள்கையாக இருந்தது. தந்தைக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அந்த நல்லெண்ணத்தின் மறுபக்கத்தை 1967இல் வெளியான கால்ட் வழக்கின் தீர்ப்பு காட்டியது. ஆபாசமாகத் தொலைபேசியில் பேசியதாக அரிசோனாவில் பிடிபட்ட 15 வயதுச் சிறுவனை, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவானது. அதே குற்றத்திற்கு வயது வந்தவருக்கு அதிகபட்சமாக 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. சிறாருக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அப்போதுதான் அறிவித்தது.

தந்தையின் அன்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கிடைத்ததா என்பதை 1990கள் சோதித்தன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1989இல் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர்கள் ஐந்து பேர் தண்டிக்கப்பட்டனர். உண்மைக் குற்றவாளி வேறொருவர் என்பது மரபணுச் சோதனையால் உறுதியாகி, 2002இல் அவர்களின் தண்டனை ரத்தானது. நியூயார்க் நகரம் 2014இல் 4.1 கோடி டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. இதற்கிடையே, 1995இல் அரசியல் அறிஞர் ஜான் டிலூலியோ 'சூப்பர் பிரிடேட்டர்' என்றொரு சொல்லைப் பரப்பினார். ஈவிரக்கமற்ற இளம் வேட்டையாளர்களின் தலைமுறை ஒன்று வளர்ந்து வருகிறது என்பது அவரது கணிப்பு. அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் மனத்தில் எழுந்த முகம் எந்த நிறத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1992 முதல் 1997 வரை 45 மாநிலங்கள் சிறாரை வயது வந்தோர் நீதிமன்றத்திற்கு மாற்றுவதை எளிதாக்கின.

அந்த வேட்டையாளர்கள் வரவேயில்லை. சிறார் குற்றங்கள் குறையத் தொடங்கின. தன் கணிப்பு தவறு என்று டிலூலியோவே ஒப்புக்கொண்டு, சிறாருக்குக் கட்டாய ஆயுள் சிறை விதிப்பதை எதிர்த்த மில்லர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றத்திடம் அளிக்கப்பட்ட மனுவில் கையெழுத்திட்டார். சட்டங்கள் அவரைப் போல மனம் மாறவில்லை. நியூயார்க்கில் 16 வயதினரை வயது வந்தோராகவே நடத்தும் வழக்கம் நீடித்தது. முதுகுப்பை ஒன்றைத் திருடியதாக 2010இல் கைதான கலீஃப் பிரவுடர் என்ற கறுப்பினச் சிறுவன் விசாரணையே இன்றி ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்றாண்டுகள் இருந்தான். அதில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தனிமைச் சிறை. ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. வழக்கு கைவிடப்பட்டு வெளியே வந்த அவன் 2015இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நியூயார்க் தன் சட்டத்தைத் திருத்தியது 2017இல்.

எண்ணுவது கட்டாயம், குறைப்பது?

ஏற்றத்தாழ்வு இருப்பதை அமெரிக்க அரசு மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1974ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 1988இல் செய்யப்பட்ட திருத்தம், சிறுபான்மையினர் விகிதத்திற்கு மீறி அடைக்கப்படுவதைக் கவனிக்குமாறு மாநிலங்களுக்குச் சொன்னது. 1992இல் அது மத்திய நிதிக்கான நிபந்தனையாயிற்று. 2002இல் அடைப்பு மட்டுமன்றிக் கைது முதல் எல்லாக் கட்டங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. 2018இல் விதிகள் மேலும் தெளிவாக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாநிலங்கள் எண்ணுகின்றன, திட்டம் தீட்டுகின்றன, அறிக்கை அனுப்புகின்றன. இவ்வளவு சதவீதம் குறைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

நீதிமன்றத்தை நாடலாம் என்றால் அந்த வழியும் குறுகலானது. ஜார்ஜியா மாநில மரண தண்டனை தொடர்பான மெக்கிளெஸ்கி வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. புள்ளிவிவரம் காட்டும் இன வேறுபாடு மட்டும் போதாது, குறிப்பிட்ட வழக்கில் வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. நான்கு கதவுகளில் சிறுகச் சிறுகச் சேரும் அநீதிக்கு இந்தச் சோதனையில் தேறும் வழியே இல்லை. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுக்குப் பிறகு தன் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். தீர்ப்பு மாறவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பது உண்மையே. அதுகூட இல்லாத நிலையை நம் நாட்டில் பார்க்கலாம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையிலானோரை வயது வந்தோராக விசாரிக்க வழிவகுத்தது. அதற்கு முன் 15ஆம் பிரிவின்படி அந்தச் சிறாரின் மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் சிறார் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும். இது நுட்பமான பணி, வழிகாட்டு நெறிகள் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சுட்டிக்காட்டியது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நெறிகளை வெளியிட்டது. இங்கும் முடிவு அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறார் அட்டவணைகள் வயது, கல்வி, குடும்பப் பின்னணி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. வயது வந்த கைதிகளுக்குத் தரப்படும் சாதி, சமயவாரியான கணக்கு அவற்றில் இல்லை. இந்தியாவில் அத்தகைய இடைவெளி இருக்கிறதா, எவ்வளவு என்று அந்த அட்டவணைகளைக் கொண்டு விவாதிக்கவே முடியாது.

படிவத்தில் ஒரு வரி

அமெரிக்காவில் பலனளித்தவை பெரிய முழக்கங்கள் அல்ல. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டு நகரை உள்ளடக்கிய மல்ட்னோமா கவுன்டி, 1990களில் தன் தடுப்புக்காவல் படிவத்தை வரி வரியாக ஆராய்ந்தது. 'நல்ல குடும்ப அமைப்பு உள்ளதா' என்ற கேள்வி, தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைகளுக்கு எதிராக வேலை செய்வதைக் கண்டுகொண்டார்கள். பொறுப்பேற்க வயது வந்த ஒருவர் இருக்கிறாரா என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். பாட்டியோ அத்தையோ இருந்தால் போதும். அலுவலரின் ஊகத்திற்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் முறை வந்தது. தடுப்புக்காவல் கட்டத்தில் இன இடைவெளி கணிசமாகச் சுருங்கியது. கலிஃபோர்னியா வேறொரு முடிச்சை அவிழ்த்தது. பிள்ளையை அடைத்துவைத்த நாட்களுக்குப் பெற்றோரிடமே கட்டணம் வசூலிக்கும் வழக்கம் அங்கிருந்தது. கறுப்பின, லத்தீன் இனக் குடும்பங்களையே அந்தக் கடன் அதிகம் நசுக்கியது. 2018 ஜனவரி 1 முதல் அக்கட்டணங்கள் ஒழிக்கப்பட்டன.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. லூசியானா மாநிலம் 2022 அக்டோபரில், அங்கோலா சிறை வளாகத்தில் முன்பு மரண தண்டனைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்திற்குச் சிறாரை மாற்றத் தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2023 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஷெல்லி டிக் உத்தரவிட்ட பிறகே அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டே 17 வயதினர் அனைவரையும் வயது வந்தோராக நடத்தும் பழைய முறைக்கு அம்மாநிலம் திரும்பியது. தலைநகர் வாஷிங்டனில் 14 வயதினரையும் சில குற்றங்களுக்கு வயது வந்தோராக விசாரிக்க வழிசெய்யும் மசோதாவை, 2025 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது.

இத்தகைய சட்டங்களில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. ஆனால் வயது வரம்பு குறையும்போது, வழக்கறிஞரும் அலுவலரும் எடுக்க வேண்டிய முடிவுகள் கூடுகின்றன. கதவு இன்னொன்று சேர்கிறது.

அதே லூசியானாவில் 2025 மார்ச் 29 அன்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 17 வயதுக்குட்பட்டோரை வயது வந்தோர் நீதிமன்றத்திற்கு அனுப்பக்கூடிய குற்றங்களின் பட்டியலைச் சட்டமன்றம் விரும்பியபடி நீட்டிக்க அனுமதி கேட்டது அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை நிராகரித்தனர்.